30,000 வரிகளுக்கு விலை மாற்ற ஒரு மணி நேரம் ஆகிறது: எஸ்கியூலைட்டில் இதை வேகமாகச் செய்ய வழி உண்டா?

கட்டபெட்டு_கணக்கு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலைக் கணக்கு மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பைத்தானில் எழுதியது, பின்னால் எஸ்கியூலைட் டேட்டாபேஸ், ஒரே ஃபைல், தனி சர்வர் எதுவும் இல்லை. சுமார் 2,000 சிறு விவசாயிகள் இலை போடுகிறார்கள், மாதத்துக்கு 30,000 எடைச் சீட்டு விழும், ஏப்ரலில் இருந்து இதுவரை 2 லட்சம் வரிகள் சேர்ந்திருக்கின்றன.

தினமும் சீட்டு போடும்போது இறுதி விலை தெரியாது. ஒரு தற்காலிக விலையில் பதிந்து வைப்போம். மாதம் முடிந்து, தேயிலை வாரியம் மாவட்டச் சராசரி விலையை அறிவித்து, குன்னூர் ஏலத்தில் நம் தூள் என்ன விலைக்குப் போனது என்று பார்த்த பிறகுதான் முதலாளி விலையை முடிவு செய்வார். அதுவும் எல்லாருக்கும் ஒரே விலை கிடையாது. இலையின் தரம், எந்த லைன் வண்டியில் வந்தது, எந்த வாரம் என்று மாறும். அது எக்ஸெல்லில் எனக்கு வரும், நான் சிஎஸ்வி ஆக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்து, உறுப்பினர் எண்ணும் தேதியும் பொருந்துகிற சீட்டில் விலையை அப்டேட் செய்து, உடனே கமிட் (மாற்றத்தை உறுதிசெய்து சேமிக்கும் கட்டளை) கொடுத்து, அடுத்த வரிக்குப் போகிறேன். லூப் சரியாகத்தான் ஓடுகிறது. ஆனால் முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம். கம்ப்யூட்டர் பழையது, சாதாரண ஹார்டு டிஸ்க்.

ஒரு மணி நேரம் காத்திருப்பது கூடப் பெரிய விஷயம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை எப்படி இருக்கும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பி மேல் மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, யுபிஎஸ் சிறிது நேரம்தான் தாங்கும். போன மாதம் லூப் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்து பார்த்தால் பாதி விவசாயிகளுக்குப் புது விலை, பாதிப் பேருக்குப் பழைய விலை, எங்கே நின்றது என்று தேடிக் கண்டுபிடிக்கவே பெரும்பாடு. இது மக்கள் கையில் வாங்குகிற பணம். ஒரு ரூபாய் குறைந்தாலும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள், நிற்க அவர்களுக்கு உரிமையும் இருக்கிறது.

எஸ்கியூலைட் சின்னது, இவ்வளவு தாங்காது, மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாறிவிடு என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். மாறத்தான் வேண்டுமா? அல்லது இதிலேயே வேகமாகவும் பாதுகாப்பாகவும் செய்ய முடியுமா?


குன்னூர்_தரவு எழுதியது:

மாற வேண்டாம். 30,000 வரி எஸ்கியூலைட்டுக்கு ஒன்றுமே இல்லை. நேரம் போவது வரிகளால் இல்லை, கமிட்டால். நீங்கள் வரிக்கு ஒரு கமிட் கொடுக்கிறீர்கள், அதாவது 30,000 கமிட்.

ஒரு கமிட் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மீதி தானாகப் புரியும். மாற்றப்போகிற பக்கத்தின் பழைய நகலை எஸ்கியூலைட் முதலில் ஜர்னல் என்கிற தனி ஃபைலில் எழுதுகிறது. அது உண்மையிலேயே டிஸ்க்கில் இறங்கிவிட்டதா என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டுக் காத்திருக்கிறது. அப்புறம் மெயின் ஃபைலில் புதியதை எழுதி, அதுவும் இறங்கும் வரை மறுபடி காத்திருக்கிறது. கடைசியில் ஜர்னலை அழிக்கிறது, அந்த அழிப்புதான் கமிட். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிற டிஸ்க் ஒரு நொடிக்கு 120 சுற்றுதான் சுற்றும், ஒரு கமிட்டுக்குச் சாதாரணமாக இரண்டு சுற்றாவது வேண்டும், ஆக நொடிக்கு 60 கமிட் கிடைத்தாலே பெரிது. எஸ்கியூலைட் தளத்தின் கேள்வி பதில் பக்கத்திலேயே இது இருக்கிறது: சாதாரண மேசைக் கணினியில் நொடிக்கு 50,000 இன்செர்ட்டுக்கு மேல் போகும், ஆனால் டிரான்சாக்ஷன் (ஒரு கமிட்டோடு முடிகிற மாற்றங்களின் தொகுப்பு) என்று பார்த்தால் சில டஜன்தான். நீங்கள் அந்த இரண்டாவது எண்ணில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு செடியில் கிள்ளிய இலையையும் தனித்தனியாக ஜீப்பில் ஏற்றி ஃபேக்டரிக்கு அனுப்புவது மாதிரி இது. மூட்டை கட்டி ஒரே லோடாக அனுப்புங்கள்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கமிட் வரியை லூப்புக்கு வெளியே எடுங்கள், அவ்வளவுதான். பைத்தானின் எஸ்கியூலைட் மாட்யூல் முதல் அப்டேட் வரும்போது தானே ஒரு டிரான்சாக்ஷனைத் திறந்துவிடும், நீங்கள் கமிட் சொல்லும் வரை அது திறந்தே இருக்கும். ஆனால் கனெக்ஷன் திறக்கும்போது ஐசொலேஷன் லெவலை நன் என்று கொடுத்திருந்தால் கதை வேறு, அப்போது ஒவ்வொரு அப்டேட்டும் தன்னாலேயே கமிட் ஆகும். எக்ஸிக்யூட்மெனி (ஒரே கட்டளையைப் பல மதிப்புகளுக்கு ஓட்டுவது) போட்டாலும் இதே கதிதான், நிறையப் பேர் அதைப் போட்டுவிட்டு ஏன் வேகம் வரவில்லை என்று குழம்புவது இதனால்தான். அந்த நிலையில் நீங்களே பிகின் என்று தொடங்கி, கமிட் என்று முடிக்க வேண்டும்.

இன்னொன்று, விலையையும் எண்ணையும் கட்டளை எழுத்துக்குள்ளேயே ஒட்டிக் கட்டாதீர்கள். கேள்விக்குறி போட்டு மதிப்புகளைத் தனியாகக் கொடுங்கள். அப்படிச் செய்தால் கட்டளையை ஒருமுறை அலசித் தயாராக்கி 30,000 தடவை அதையே ஓட்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் புதிதாக அலச வேண்டும்.

இனி கரண்ட் விஷயம், எனக்கு வேகத்தைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது. மொத்தமும் ஒரே டிரான்சாக்ஷனாக இருக்கும்போது பாதியில் கரண்ட் போனால், திரும்ப ஆன் செய்து ஃபைலைத் திறந்ததும் எஸ்கியூலைட் பக்கத்தில் கிடக்கிற ஜர்னலைப் பார்த்து, செய்த பாதியைத் தானே திருப்பிவிடும். எல்லாருக்கும் பழைய விலை. மறுபடி ஒருமுறை ஓட்டினால் எல்லாருக்கும் புது விலை. நடுவில் நிற்கிற நிலையே கிடையாது. ஒரு எச்சரிக்கை: கரண்ட் வந்த பிறகு டேட்டாபேஸ் பெயரோடு ஜர்னல் என்று முடிகிற ஒரு ஃபைல் ஃபோல்டரில் தெரியும். யாராவது அதைக் குப்பை என்று நினைத்து டெலீட் செய்துவிட்டால் திருப்ப வழியே இல்லை, டேட்டாபேஸே கெட்டுப்போகலாம். ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள்.

500, 500 வரியாகப் பிரித்துக் கமிட் கொடு என்று சிலர் சொல்வார்கள். வேகத்துக்கு அது போதும், ஆனால் உங்கள் பாதி புதிது பாதி பழையது என்ற பிரச்சினை அப்படியே இருக்கும். 30,000 வரியை ஒரே கமிட்டில் போட எந்தத் தயக்கமும் வேண்டாம்.


வேகம்தான்_முக்கியம் எழுதியது:

அண்ணா, இவ்வளவு விளக்கம் எதற்கு. பிராக்மா (எஸ்கியூலைட் அமைப்பை மாற்றும் கட்டளை) சிங்க்ரனஸ் ஆஃப், பிராக்மா ஜர்னல் மோட் ஆஃப், இந்த இரண்டு வரியை மேலே போடுங்கள். லூப்பைத் தொடவே வேண்டாம், பறக்கும். நான் டெஸ்ட் டேட்டா ஏற்ற இதைத்தான் பயன்படுத்துகிறேன்.


குன்னூர்_தரவு எழுதியது:

தம்பி, டெஸ்ட் டேட்டாவுக்கு அது சரி. கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இங்கே இருப்பது 2,000 குடும்பத்தின் மாத வருமானம், அதுவும் மழைக்காலத்தில் கோத்தகிரியில்.

சிங்க்ரனஸ் ஆஃப் என்றால், டிஸ்க்கில் இறங்கிவிட்டதா என்று கேட்பதையே நிறுத்திவிடுகிறது. புரோகிராம் மட்டும் கவிழ்ந்தால் ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் கரண்ட் போனால் ஃபைலே சிதையலாம், எஸ்கியூலைட் ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஜர்னல் மோட் ஆஃப் அதைவிட மோசம், ரோல்பேக் செய்யப் பழைய நகலே இருக்காது. இவர் கேட்டது வேகமும் பாதுகாப்பும். ஒரே கமிட் ஆக்கிய பிறகு சிங்க்ரனஸ் ஃபுல் என்று இருந்தாலும் டிஸ்க்குக்காகக் காத்திருப்பது சில தடவைதான், மிச்சப்படுத்த அங்கே நேரமே இல்லை.

வால் மோட் (ரைட் அஹெட் லாக் என்பதன் சுருக்கம், சாதாரண ஜர்னலுக்குப் பதிலான முறை) வேறு விஷயம், 2010இல் 3.7.0 பதிப்பில் வந்தது. அதில் மாற்றங்கள் தனி ஃபைலின் கடைசியில் சேர்ந்துகொண்டே போகும், ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் படிக்கலாம். அதோடு சிங்க்ரனஸ் நார்மல் வைத்தால் கரண்ட் போனாலும் ஃபைல் சிதையாது, ஆனால் கடைசியாகச் செய்த சில கமிட்கள் காணாமல் போகலாம். எடைச் சீட்டு பதிகிற இடத்தில் அது கூட எனக்குச் சம்மதம் இல்லை. சீட்டை அச்சடித்து விவசாயி கையில் கொடுத்துவிட்டோம், கம்ப்யூட்டரில் அது இல்லை என்றால் என்ன பதில் சொல்வது? வால் வைத்தாலும் ஃபுல்லிலேயே விடுங்கள்.


கூடலூர்_மழை எழுதியது:

குன்னூர் அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் கேள்வியில் இருக்கிற இன்னொன்றை யாரும் தொடவில்லை. உறுப்பினர் எண்ணும் தேதியும் பொருந்துகிற சீட்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் (வரியை நேராகத் தேடி எடுக்க உதவும் அட்டவணை) இருக்கிறதா? இல்லை என்றால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அந்த 2 லட்சம் வரியையும் முதலில் இருந்து கடைசி வரை பார்க்கும். 30,000 தடவை 2 லட்சம் என்றால் 600 கோடி வரி. கமிட்டை வெளியே எடுத்தாலும் இந்த நேரம் அப்படியே நிற்கும், அதுவும் நிதியாண்டு முடிய முடியக் கூடிக்கொண்டே போகும்.

கண்டுபிடிப்பது எளிது. அப்டேட் கட்டளைக்கு முன்னால் எக்ஸ்பிளைன் குவெரி பிளான் என்று சேர்த்து ஓட்டுங்கள். பதிலில் ஸ்கேன் என்று வந்தால் முழு டேபிளையும் மேய்கிறது. சர்ச் என்று வந்து இண்டெக்ஸ் பெயரும் தெரிந்தால் நேராகப் போய் எடுக்கிறது. உறுப்பினர் எண், தேதி இரண்டையும் வைத்து ஒரே இண்டெக்ஸ் போடுங்கள், தனித்தனியாக இரண்டு வேண்டாம். விலை காலத்தின் (டேபிளின் நெடுவரிசை) மேல் இண்டெக்ஸ் இருந்தால் தூக்கிவிடுங்கள். விலையை மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அந்த இண்டெக்ஸிலும் பழையதை நீக்கிப் புதியதை எழுத வேண்டிவரும், விலையை வைத்து யாரும் சீட்டைத் தேடப்போவதும் இல்லை.

தேதியில் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். அக்டோபர் மாதச் சீட்டு வேண்டும் என்றால் தேதியை வெட்டி மாதத்தை எடுத்து ஒப்பிடுகிறார்கள். காலத்தின் மேல் ஃபங்ஷன் போட்டால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு, நவம்பர் 1க்கு முன் என்று இரண்டு எல்லையாகக் கொடுங்கள். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுத்தாகச் சேமித்திருந்தால் இது சரியாக வேலை செய்யும். நாள் முதலில் வருகிற மாதிரி சேமித்திருந்தால் வரிசையே தப்பாகிவிடும்.

கடைசியாக, எக்ஸெல் என்றதும் எனக்கு முதலில் வருகிற பயம். உங்கள் உறுப்பினர் எண் 0417 மாதிரி முன்னால் பூஜ்ஜியத்தோடு எழுத்தாகச் சேமித்ததா? எக்ஸெல் அதைத் திறந்த உடனே 417 ஆக்கிவிடும். எஸ்கியூலைட்டுக்கு எழுத்து 0417 வேறு, எழுத்து 417 வேறு. அப்டேட் ஓடும், பிழையே வராது, மாறிய வரிகள் பூஜ்ஜியம் என்று அமைதியாக முடிந்துவிடும், அந்த விவசாயிக்குப் பழைய விலையே போகும். பைத்தானில் கர்சரின் ரோகவுண்ட்டை (மாறிய வரிகளின் எண்ணிக்கை) பார்த்து, பூஜ்ஜியம் வந்தால் அந்த எண்ணைத் தனியாக எழுதிவைத்து, கமிட்டுக்கு முன் காட்டச் சொல்லுங்கள். தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.


கட்டபெட்டு_கணக்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஃபைலின் நகலில் செய்து பார்த்தேன். கமிட்டை வெளியே எடுத்ததும் ஒரு மணி நேரம் கால் மணி நேரத்துக்குக் கீழே வந்தது. அப்புறம் கூடலூர் அக்கா சொன்ன இண்டெக்ஸ் போட்டேன், சில நொடிதான், முடிந்தது என்று நம்பாமல் டேபிளைத் திறந்து பார்த்தேன். எக்ஸ்பிளைன் குவெரி பிளானில் முன்பு ஸ்கேன் என்றுதான் இருந்தது. பூஜ்ஜிய எண் விஷயமும் உண்மை, 1,000க்குக் கீழே இருக்கிற பழைய உறுப்பினர்கள் எல்லாரும் பட்டியலில் வந்துவிட்டார்கள். சிஎஸ்வி படிக்கும்போதே நான்கு இலக்கமாக நிரப்பிவிட்டேன்.

இப்போது வேறு ஒன்று புரியவில்லை. விலையோடு தொகையையும் ஒரே அப்டேட்டில் மாற்றலாம் என்று, விலை சமம் புது விலை, தொகை சமம் நிகர எடை பெருக்கல் விலை என்று இரண்டையும் செட்டில் கொடுத்தேன். விலை மாறியிருக்கிறது, தொகை பழைய விலைக்கே நிற்கிறது. இன்னொருமுறை ஓட்டினால் சரியாகிவிடுகிறது. ஏன்?

இன்னும் இரண்டு. ஃபைல் இருப்பது ஷேர்டு ஃபோல்டரில், எடை மேடைக் கம்ப்யூட்டரும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் அதையே திறக்கின்றன. விலை மாற்றும்போது எடை மேடையில் டேட்டாபேஸ் லாக் ஆகியிருக்கிறது என்று பிழை வருகிறது. அப்புறம் அடுத்த மாதம் முதல் இலை எடுக்கிற வண்டிகளில் ஆண்ட்ராய்டு ஃபோன் கொடுக்கப்போகிறோம். சோலூர்மட்டம் போகிற வழியில் பல இடத்தில் சிக்னல் கிடையாது, சாயங்காலம் ஃபேக்டரிக்கு வந்ததும் மொத்தமாக ஏற்ற வேண்டும். அதையும் இப்போதே சரியாகச் செய்துவிட நினைக்கிறேன்.


குன்னூர்_தரவு எழுதியது:

தொகை விஷயம் எஸ்கியூலைட்டின் பிழை இல்லை, எஸ்கியூஎல்லின் விதி. செட் பகுதியில் சமக்குறிக்கு வலப்பக்கம் இருக்கிற எல்லாவற்றையும் முதலில் கணக்கிட்டுவிட்டுத்தான் எதையும் எழுதும். ஆகவே தொகையைக் கணக்கிடும்போது விலை என்றால் பழைய விலை. மைஎஸ்கியூஎல்லில் மட்டும் இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டே போகும், அங்கிருந்து வந்தவர்கள் இதில் ஏமாந்துபோவார்கள். தொகைக்கும் புது விலையையே கொடுத்துப் பெருக்குங்கள். அல்லது தொகையைத் தானாகக் கணக்கிடும் ஜெனரேட்டட் காலமாக வைத்துவிடலாம், 3.31 பதிப்பிலிருந்து இருக்கிறது. எடையைக் கிராமிலும் விலையைப் பைசாவிலும் முழு எண்ணாக வையுங்கள், தசமமாக வைத்தால் மாதக் கடைசிக் கூட்டலில் பைசா இடறும்.

இனி லூப்பையே விட்டுவிடுவதைப் பற்றிச் சொல்கிறேன். சிஎஸ்வியை அப்படியே புது_விலை என்று ஒரு டெம்ப் டேபிளில் ஏற்றுங்கள். பிறகு ஒரே கட்டளை (தமிழ் எழுத்தில் தருகிறேன், அடிக்கும்போது மாற்றிக்கொள்ளுங்கள்):

அப்டேட் இலை_வரவு
செட் விலை = பு.விலை, தொகை = நிகரம் * பு.விலை
ஃப்ரம் புது_விலை ஆஸ் பு
வேர் பு.எண் = இலை_வரவு.எண் அண்ட் பு.தேதி = இலை_வரவு.தேதி
அண்ட் இலை_வரவு.விலை இஸ் நாட் பு.விலை

இந்த அப்டேட் ஃப்ரம் 2020 ஆகஸ்டில் 3.33.0 பதிப்பில்தான் வந்தது. உங்கள் பைத்தானோடு வந்திருக்கிற எஸ்கியூலைட் எது என்று எஸ்கியூலைட்3 மாட்யூலில் இருக்கிற எஸ்கியூலைட் வெர்ஷனை அச்சிட்டுப் பாருங்கள், பைத்தான் புதிதாக இருந்தால் பெரும்பாலும் இருக்கும். பழைய பதிப்பு என்றால் செட்டுக்குள் துணைக் கேள்வி எழுதலாம், ஆனால் அங்கே ஒரு குழி இருக்கிறது. சிஎஸ்வியில் இல்லாத சீட்டுகளுக்குத் துணைக் கேள்வி வெறுமையைத் திருப்பும், விலை 'நல்' (மதிப்பே இல்லாத வெறுமை) ஆகிவிடும். வேர் எக்ஸிஸ்ட்ஸ் போட்டு, புது விலை இருக்கிற வரிகளை மட்டும் தொடும்படி கட்டாயம் கட்டிவையுங்கள்.

கடைசி வரியில் இஸ் நாட் எதற்கு என்றால், விலை ஏற்கெனவே சரியாக இருக்கிற சீட்டை வீணாகத் தொடாமல் இருக்க. மதிப்பு அதேதான் என்றாலும் எஸ்கியூலைட் அதை மாறிய வரியாகவே எண்ணும். சமமில்லை என்ற குறியைப் போட்டால் விலை வெறுமையாக இருக்கிற வரிகள் விடுபட்டுப்போகும், இஸ் நாட் அவற்றையும் பிடிக்கும்.

அப்டேட் ஃப்ரம்மில் மிகவும் கவனிக்க வேண்டியது இது: புது_விலையில் ஒரே எண், ஒரே தேதிக்கு இரண்டு வரி இருந்தால் அதில் ஏதோ ஒன்றை எஸ்கியூலைட் எடுத்துக்கொள்ளும், எது என்று சொல்ல முடியாது, பிழையும் காட்டாது. எக்ஸெல்லில் ஒருவர் ஒரு விலையைத் திருத்திக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்து, மேலே இருந்ததை நீக்காமல் விடுவது எங்கும் நடக்கிறது. ஆகவே அந்த டெம்ப் டேபிளிலேயே எண், தேதி இரண்டையும் பிரைமரி கீ ஆக்குங்கள். இரட்டை வரி வந்தால் ஏற்றும்போதே பிழையாக நின்றுவிடும், விலை மாற்றம் தொடங்கவே தொடங்காது. அப்படி நிற்பதுதான் நல்லது.

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஒருவர் ஒரே நாளில் இரண்டு சீட்டு போட்டிருந்தால் கவலை இல்லை, இரண்டுக்கும் அதே விலை போகும்.


கூடலூர்_மழை எழுதியது:

ஷேர்டு ஃபோல்டரைப் பற்றி: அதை முதலில் மாற்றுங்கள். எஸ்கியூலைட் ஒரே கம்ப்யூட்டருக்குள் பூட்டு போட்டு எடுக்க எழுதப்பட்டது, நெட்வொர்க் ஃபோல்டரில் அந்தப் பூட்டை நம்ப முடியாது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதி ஃபைல் கெட வாய்ப்பு உண்டு. வால் மோட் நெட்வொர்க்கில் வேலையே செய்யாது, எல்லாரும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால்தான் அது. ஃபைல் எடை மேடைக் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும், அங்கே பைத்தானில் சின்ன வெப் சர்வர் ஒன்று ஓடட்டும், ஆபீஸில் இருப்பவர்கள் பிரவுசரில் வரட்டும். டேட்டாபேஸைத் தொடுவது அந்த ஒரு புரோகிராம் மட்டும். உங்களுக்கு இருப்பது இரண்டு கம்ப்யூட்டர், இதற்குப் போஸ்ட்கிரெஸ் தேவைப்படாது. இருபது பேர் ஒரே நேரத்தில் எழுதுகிற நிலை வந்தால் அப்போது மாறுவது நியாயம்.

லாக் பிழைக்கு: எஸ்கியூலைட்டில் எந்த நேரத்திலும் ஒருவர்தான் எழுத முடியும், வால் மோடிலும் அப்படித்தான். பைத்தானில் இயல்பாக 5 நொடி காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் பிழை தரும், டைம்அவுட்டை 30 ஆக்குங்கள். சிஎஸ்வி படிப்பது, சரிபார்ப்பது, டெம்ப் டேபிளில் ஏற்றுவது எல்லாவற்றையும் முன்பே முடித்துவிட்டு, பிகின் இமீடியட், அப்டேட், கமிட் என்று மட்டும் செய்தால் பூட்டு பிடித்திருப்பதே ஓரிரு நொடிதான், எடை போடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. சாதாரண பிகின் எழுதும் வரை பூட்டு பிடிக்காது, நடுவில் போய் மோதும். இமீடியட் என்றால் தொடங்கும்போதே பிடித்துவிடும்.

ஃபோனுக்கு வருகிறேன். சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்து, மாலையில் ஏற்றும்போது பாதியில் வைஃபை விட்டுப்போகும், ஓட்டுநர் மறுபடி அனுப்பு என்று அழுத்துவார். ஆகவே அதே சீட்டு இரண்டு தடவை வந்தாலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஃபோன் எண், அந்த ஃபோனின் சீட்டு எண் இரண்டையும் சேர்த்து யூனிக் ஆக்குங்கள். ஏற்றும்போது இன்செர்ட், அதோடு ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட் செட். இருந்தால் மாற்றும், இல்லாவிட்டால் சேர்க்கும். மொத்த லோடும் ஒரே டிரான்சாக்ஷன்.

இன்செர்ட் ஆர் ரிப்ளேஸ் சுருக்கமாக இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அது மாற்றுவதில்லை, பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடுகிறது. ஃபோன் அனுப்பாத காலங்கள், அதாவது ஆபீஸில் நீங்கள் போட்ட கழிவு சதவீதம், விலை எல்லாம் போய்விடும். அந்தச் சீட்டைச் சார்ந்து வேறு டேபிளில் வரி இருந்து, டெலீட் கேஸ்கேட் போட்டிருந்தால் அதுவும் சேர்ந்து போகும். ஈர இலைக்கு ஆபீஸில் கழிவு போட்டு முடித்த பிறகு அதே லோடு மறுபடி ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபோனுக்குள்ளேயே அப்செர்ட் (மேலே சொன்ன இன்செர்ட், ஆன் கான்ஃப்ளிக்ட்) எழுதப் போகிறீர்கள் என்றால், அது 2018இல் 3.24.0 பதிப்பில் வந்தது, ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தையதில்தான் நம்பலாம். 10இல் இருக்கிற எஸ்கியூலைட் அதைவிடப் பழையது. வண்டிக்கு வாங்குகிற ஃபோன்கள் மலிவானதாக இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அங்கேயும் பிகின் டிரான்சாக்ஷன், செட் டிரான்சாக்ஷன் சக்சஸ்ஃபுல், எண்ட் டிரான்சாக்ஷன் என்று மூன்றும் வேண்டும், நடுவில் இருப்பதை மறந்தால் எல்லாம் பழையபடி திரும்பிவிடும்.


நெடுகுளா_நிரலாளர் எழுதியது:

நான் கொஞ்சம் வேறு பக்கமாக யோசிக்கிறேன். தற்காலிக விலையை எதற்காக ஒவ்வொரு சீட்டிலும் எழுத வேண்டும்? தரம், லைன், தொடக்கத் தேதி, விலை என்று ஒரு சின்ன விலைப் பட்டியல் டேபிள் வைத்து, மாதம் முழுதும் சீட்டையும் அதையும் சேர்த்து ஒரு வியூவில் காட்டினால், முதலாளி விலையை மாற்றும்போது பத்திருபது வரி மாறினால் போதும். அவர் இரண்டு மூன்று தடவை மனம் மாறினாலும் பரவாயில்லை. பட்டுவாடா அன்று மட்டும், அந்த மாத விலையையும் தொகையையும் சீட்டில் ஒருமுறை எழுதி உறையவைத்துவிடுங்கள், மேலே குன்னூர் சார் கொடுத்த அதே அப்டேட் ஃப்ரம்மால். பணம் கொடுத்த பிறகு விலைப் பட்டியலில் யாராவது கை வைத்தாலும் பழைய கணக்கு அசையக் கூடாது, அதற்காகத்தான் எழுதிவைப்பது.


கட்டபெட்டு_கணக்கு எழுதியது:

நெடுகுளா சார் சொன்னது பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் முதலாளி சில பேருக்குத் தனி விலை கொடுப்பார், பட்டியலில் உறுப்பினர் எண்ணுக்கும் ஒரு காலம் வைக்க வேண்டும், அதை அடுத்த நிதியாண்டுக்கு வைத்துக்கொள்கிறேன். இந்த மாதத்துக்கு டெம்ப் டேபிள், பிரைமரி கீ, ஒரே அப்டேட், பொருந்தாத எண்களின் பட்டியல், பிறகு கமிட் என்று எழுதிவிட்டேன். பூஜ்ஜிய விலையில் ஏதாவது நின்றால் ரோல்பேக் ஆகும்படியும் சேர்த்தேன். ஃபைலை எடை மேடைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் பேக்கப் எடுக்க ஃபைலை அப்படியே காப்பி செய்தால் போதும்தானே?


கூடலூர்_மழை எழுதியது:

எந்தப் புரோகிராமும் அதைத் திறந்திருக்கவில்லை, பக்கத்தில் ஜர்னல் ஃபைலும் இல்லை என்றால் காப்பி போதும். திறந்திருக்கும்போது வேண்டாம், எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில் எடுத்த நகல் பாதி பழையது பாதி புதியதாக வரலாம், வால் மோட் என்றால் புதிய சீட்டுகள் வால் ஃபைலில் இருக்கும், நகலில் வராது. வாக்யூம் இன்டூ என்று கொடுத்துப் புது ஃபைல் பெயர் சொல்லுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுமையான நகல் எழுதித் தரும், 3.27 முதல் இருக்கிறது. அந்த நகலில் இன்டெக்ரிட்டி செக் ஓட்டி ஓகே என்று வந்த பிறகு பென் டிரைவுக்கு மாற்றுங்கள், விலை மாற்றுவதற்கு முன் ஒன்று, பட்டுவாடா முடிந்த பின் ஒன்று.